நாலாம் நம்பர் சிலிண்டரைத் திறந்த நாள்

புதிதாகக் கப்பல் ஏறப் போகிற இஞ்சினியர்களுக்கு இதை எழுதுகிறேன். பிஸ்டனை எப்படிக் கழற்றுவது, வளையத்தை எப்படி மாட்டுவது என்பதெல்லாம் இதில் இருக்காது. அது உங்கள் புத்தகங்களில் இருக்கிறது, நான் சொல்வதைவிடத் தெளிவாகவே இருக்கிறது. நான் சொல்லப்போவது, கழற்றக் கூடாத நேரத்தில் ஒன்றைக் கழற்றியதைப் பற்றி. கழற்றியவன் நான்.

ஐம்பதுகளின் தொடக்கம். காரைக்காலில் இன்னும் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்தது. சரக்கும் ஆட்களும் ஏற்றிக்கொண்டு மதராஸ், காரைக்கால், பினாங்கு என்று போய்வரும் ஒரு கப்பலில் நான் இரண்டாவது இஞ்சினியர். ஆறு சிலிண்டர் டீசல் இஞ்சின், ஒன்றே ஒன்று. அது ஓடினால் கப்பல் ஓடும். நின்றால் நின்றதுதான்.

காரைக்கால் என் சொந்த ஊர். கல்யாணமாகி இரண்டு வருஷம். மகன் பிறந்து ஏழு மாதமாகியும் நான் முகம் பார்க்கவில்லை. ஒவ்வொரு தடவையும் கப்பல் எங்கள் ஊருக்கு எதிரே ஆறேழு மணி நேரம் நிற்கும், ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடும். இஞ்சின் அறையை விட்டு நான் மேலே வருவதற்குள் நங்கூரம் எடுக்கச் சொல்லிவிடுவார்கள்.

அந்தத் தடவை மதராஸ் துறைமுகத்தில் ஐந்து நாள் நின்றோம். நாலாம் நம்பர் சிலிண்டரில் ஒரு வளையம் தேய்ந்திருந்தது எனக்குத் தெரியும். லேசான புகைதான். மதராஸில் திறந்திருக்கலாம். சுற்றிலும் கல் அணை, குளம் மாதிரித் தண்ணீர், அவசரப்படுத்த யாருமில்லை. இல்லையென்றால் பினாங்கு வரைக்கும் அப்படியே ஓட்டிக்கொண்டும் போயிருக்கலாம். நான் இரண்டையும் செய்யவில்லை. மதராஸில் வாயைத் திறக்கவே இல்லை. கிளம்பின பிறகு சீஃப் இஞ்சினியரிடம் போய், “நாலாம் நம்பர் புகை ஜாஸ்தியாயிடுச்சு, காரைக்கால்ல நிக்கும்போது திறந்து பார்த்துடலாம், ரெண்டு நாள் போதும்” என்றேன்.

இரண்டு நாள் கப்பல் நின்றால் முதல் நாள் வேலையை முடித்துவிட்டு இரண்டாம் நாள் வீட்டுக்குப் போய் வரலாம். என் கணக்கு அவ்வளவுதான்.

சீஃப் தூத்துக்குடிக்காரர். வேறு சமயமாக இருந்தால் என்னை நிற்கவைத்து நாலு கேள்வி கேட்டிருப்பார். அப்போது அவருக்குக் கடைவாய்ப்பல் வீங்கி, ஒரு பக்கக் கன்னம் முழுக்க மப்ளரைச் சுற்றிக்கொண்டு கிடந்தார். “உனக்குச் சரின்னு பட்டா செய்” என்று மட்டும் சொன்னார்.

காரைக்காலில் கப்பல் அணையத் துறை கிடையாது. அரசலாற்று முகத்துவாரத்துக்குள் படகுகள்தான் நுழையும். எங்களைப் போன்ற கப்பல் இரண்டு மைல் வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். கிழக்கே கடல் முழுக்கத் திறந்து கிடக்கும், மறைப்பு எதுவும் இல்லை. ஐப்பசி மாதத்தில் அங்கே நிற்கிற கப்பலின் இஞ்சின் எந்த நிமிஷமும் கிளம்பத் தயாராக இருக்கவேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, அந்தக் கரையில் பிறந்தவன் நான்.

காலையில் கப்பித்தான் என்னை மேலே கூப்பிட்டார். பம்பாய்ப் பக்கத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். காற்றழுத்தமானி கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று காட்டினார்.

“உன் ஊர் இது. என்ன சொல்கிறாய்? இஞ்சினைத் திறக்கலாமா?”

கடல் சாம்பல் நிறத்தில் அமைதியாகக் கிடந்தது. கலங்கரை விளக்கம், மாதா கோயில் கோபுரம், பள்ளிவாசல் மினாரா எல்லாம் கழுவிவிட்ட மாதிரித் தெளிவாகத் தெரிந்தன. அவ்வளவு தெளிவு நல்லதற்கில்லை என்பதும் எனக்குத் தெரியும். “இந்த வாரம் ஒண்ணும் வராது சார்” என்றேன். அவர் என் முகத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு, சரி என்று தலையை ஆட்டினார்.

எட்டு மணிக்குச் சீஃப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் படகில் கரைக்குப் போனார். கரையிலிருந்து வந்த படகுகளில் பினாங்கு போகிற ஆட்கள் வந்து ஏறத் தொடங்கினார்கள். நாங்கள் கீழே நாலாம் நம்பரைத் திறந்தோம்.

என்னோடு வேலை பார்த்த ஃபிட்டர் சவரிமுத்து கோட்டுச்சேரிக்காரர். என் வயதுதான், ஆனால் கையில் என்னைவிட இரண்டு மடங்கு வேலைத்திறன் இருந்தது. பத்தரை மணிக்கு மூடியைக் கழற்றி, பிஸ்டனை அதன் தண்டோடு மேலே இழுத்துச் சங்கிலிக் கப்பியில் தொங்கவிட்டோம். முக்கால் டன்னுக்குக் குறையாது. துடைத்துவிட்டு வளையத்தைப் பார்த்தார்.

“இவ்வளவுதானா சார்? இது இன்னும் ரெண்டு நடை ஓடுமே” என்றார்.

“பார்த்தது நல்லதாப் போச்சு” என்றேன். அவர் மேலே எதுவும் கேட்கவில்லை.

பதினோரு மணிக்கெல்லாம் காற்றே இல்லாமல் கப்பல் உருள ஆரம்பித்தது. கிழக்கிலிருந்து நீளமான அலைகள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே வெகுநேரம். தொங்கிக்கொண்டிருந்த பிஸ்டன் மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. நாங்கள் எல்லோரும் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு அதையே பார்த்தோம். எங்கோ தூரத்தில் பெரிய காற்று அடித்துக்கொண்டிருக்கிறது, அதன் அலைதான் முதலில் வந்திருக்கிறது.

பன்னிரண்டரைக்குக் காற்றும் வந்தது. மழை வந்தது. படகுகள் கரையைப் பார்த்து ஓடிவிட்டன. சீஃப் அங்கே, நாங்கள் இங்கே. ஏறவேண்டிய ஆட்களில் அறுபது பேர் ஏறியிருந்தார்கள்.

மேல்தளத்திலிருந்து இஞ்சின் அறைக்கு வருகிற பேசுகிற குழாயில் கப்பித்தானின் குரல் கேட்டது. “இஞ்சின் எப்போது கிடைக்கும்?”

பிஸ்டனைத் திரும்ப மாட்டி மூட, அசையாத கப்பலிலேயே ஐந்து மணி நேரம் ஆகும். “மூணு மணி நேரம்” என்றேன்.

“அவ்வளவு நேரம் நங்கூரம் பிடிக்குமா தெரியவில்லை” என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனமாகக் கேட்கவேண்டும். செய்யவேண்டியது என்ன என்று சவரிமுத்து அப்போதே சொல்லிவிட்டார். “மாட்ட வேண்டாம் சார். இதை அப்படியே தூணோட கட்டிடுவோம். நாலாம் நம்பரை அடைச்சுட்டு அஞ்சுல ஓட்டிடலாம்.”

சரியான யோசனை. சின்னப் பையனுக்கும் தெரியும் சரி என்று. ஆனால் ஐந்து சிலிண்டரில் கப்பல் ஓடினால் அது கப்பித்தானின் குறிப்பேட்டில் ஏறும், ஏன் என்று கேள்வி வரும், மதராஸில் ஏன் திறக்கவில்லை என்பது வரைக்கும் அது போகும். பிஸ்டனை மாட்டி மூடிவிட்டால், எதையும் திறக்காத மாதிரி ஆகிவிடும். அந்த நேரத்தில் நான் இஞ்சினைப் பார்க்கவில்லை. என் தவறை மூடிமறைக்க ஒரு மூடியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

“மாட்டிடலாம். ரெண்டு உருளலுக்கு நடுவுல இறக்கினா இறங்கிடும்” என்றேன்.

சவரிமுத்து கையிலிருந்த துணியைக் கீழே போட்டார். பிறகு சிலிண்டர் வாயில் மண்டியிட்டார். வளையங்களை உள்ளே அழுத்திவிட ஒரு கை அங்கே இருந்தாகவேண்டும். கப்பியை நான் இறக்கினேன். பிஸ்டன் வாயில் நுழைந்தது, முதல் வளையமும் உள்ளே போனது. அப்போது கப்பல் முழுசாக ஒரு பக்கம் சாய்ந்தது. சங்கிலி பக்கவாட்டில் இழுத்தது.

அவர் கத்தவில்லை. “சார், தூக்குங்க” என்று மட்டும் சொன்னார். சாதாரணமாக ஸ்பானர் கேட்கிற குரல்.

தூக்கினேன். வலது கையின் இரண்டு விரல்கள் இருந்த இடத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு ஆயில்மேன் தன் துண்டைக் கிழித்துச் சுற்றினார். அரை மணி நேரம் போய்விட்டது. பிஸ்டன் பழைய இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது.

அதற்கு அப்புறம் எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை. அவர் சொன்னதையே செய்தோம். நாலு பேர் கயிறு போட்டுப் பிஸ்டனைத் தூணோடு இழுத்துக் கட்டினார்கள். அந்தச் சிலிண்டருக்குப் போகிற எண்ணெய், தண்ணீர், காற்று ஒவ்வொன்றையும் தேடித்தேடி அடைத்தோம். க்ராங்க் தண்டில் எண்ணெய் வருகிற இரண்டு துவாரங்களை அடைக்காமல் விட்டால் இஞ்சின் முழுவதுக்கும் எண்ணெய் அழுத்தம் இறங்கிவிடும். அதற்கு நான் கீழே இஞ்சினின் வயிற்றுக்குள் இறங்கினேன். மரக்கட்டையைச் செதுக்கி அடித்தேன், மேலே கித்தானைச் சுற்றி இரும்புப் பட்டை போட்டு முறுக்கினேன். கப்பல் உருளும்போதெல்லாம் தலை இரும்பில் மோதியது. தலைக்கு மேலே கட்டிவைத்த பிஸ்டனின் கயிறு முனகுவது கேட்டது. கயிறு அறுந்தால் எங்கே விழும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, கணக்கை நிறுத்திவிட்டேன்.

வெளியே வந்து மூச்சுவிட்டபோது இஞ்சின் அறை வாசலில் ஒரு பயணி நின்றுகொண்டிருந்தார். நெரவிக்காரர், நடுவயது, மழையில் தொப்பலாக நனைந்திருந்தார். கீழே இறங்க அனுமதி இல்லாத இடம் அது.

“ஏங்க, இஞ்சின் ஓடுங்களா? மேல பொம்பளையெல்லாம் அழுவுறாங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க, போய்ச் சொல்லிடுறேன்.”

“ஓடும்” என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. “அது போதுங்க” என்று ஏறிப் போய்விட்டார். காலையில் கப்பித்தானிடம் சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று நினைத்தேன். அன்றைக்கு நான் சொன்ன எந்த வார்த்தையும் உண்மையாக இருக்கவில்லை, எல்லோரும் எல்லாவற்றையும் நம்பினார்கள்.

குழாயில் மறுபடி குரல். “இரண்டாவது நங்கூரமும் போட்டுவிட்டேன். இரண்டுமே பிடிக்காமல் இழுபடுகிறது. பின்னால் கரையோரம் அலை உடைகிற இடம் கண்ணுக்குத் தெரிகிறது. இன்னும் எவ்வளவு நேரம்?”

“இப்பவே பார்க்கிறேன் சார்” என்றேன். இந்தத் தடவை மணிக்கணக்குச் சொல்லவில்லை.

இஞ்சினைக் கிளப்ப அழுத்தக் காற்று வேண்டும். காற்றுக் கலத்தில் நாலு தடவைக்குத்தான் இருந்தது. நெம்புகோலை இழுத்தேன். உஸ்ஸென்று காற்று போன சத்தம் கேட்டது. இஞ்சின் அசையவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் மறுபடியும் நெம்புகோலில் கை வைத்தேன்.

“இழுக்காதீங்க சார்.”

ஏணியடியில் உட்கார்ந்திருந்த சவரிமுத்து. முகம் வெளுத்திருந்தது, துண்டு முழுக்கச் சிவந்திருந்தது. “நாலாம் நம்பர்தான் இப்ப காத்து வாங்குற முறையில நிக்குது. அதுலதான் பிஸ்டனே இல்லையே. கொஞ்சம் சுத்தி வச்சுட்டு இழுங்க.”

ஆறு சிலிண்டர் இஞ்சின் எங்கே நின்றாலும் ஏதாவது ஒன்று காற்றை வாங்கித் தள்ளிவிடும். ஒன்று இல்லாதபோது அதன் முறையில் நின்றுவிட்டால் தள்ள ஆளில்லை. எனக்குத் தெரிந்ததுதான். அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான். அவர் இல்லாவிட்டால் இருந்த காற்று முழுவதையும் அதே இடத்தில் தீர்த்திருப்பேன்.

இஞ்சினைக் கொஞ்சம் சுற்றி வைத்தோம். சுற்றுவதற்கு மாட்டியிருந்த கியரை விலக்கினோம். இரண்டாவது தடவை இழுத்தபோது அரைச் சுற்று சுற்றி நின்றது. மறுபடி சுற்றி வைத்தோம். மூன்றாவது தடவை ஒரு வெடிப்பு, ஒரு இடைவெளி, இன்னொரு வெடிப்பு. நொண்டிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. நாலாம் நம்பரின் முறை வரும்போதெல்லாம் கப்பல் முழுக்க ஒரு தடவை விக்கியது. அதன் புகைக்குழாய் வாயில் நாங்கள் வைத்து அடைத்த தகட்டின் ஓரமாகப் புகை பீறிட்டு அறை முழுக்க நிறைந்தது. ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு ஆட்கள் முறைபோட்டு நின்றார்கள்.

கப்பித்தான் நங்கூரம் இரண்டையும் சங்கிலியோடு கடலிலேயே விட்டுவிட்டுக் கப்பலைக் கிழக்கே திருப்பினார். முதல் ஒரு மணி நேரம் நாங்கள் முன்னால் போகிறோமா, நின்ற இடத்திலேயே நிற்கிறோமா என்று அவருக்கே தெரியவில்லையாம். பிறகு மினாரா மழைக்குள் மறைந்தது. இரண்டு நாள் கடலில் அப்படியே காற்றை எதிர்த்து நின்றோம். அடைத்த மரக்கட்டை பிய்ந்துவிடுமோ என்று அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். உட்கார்ந்தால் அது இறங்கிவிடும் போல இருந்தது. சவரிமுத்துவுக்கு ஜுரம் வந்துவிட்டது. கப்பலில் டாக்டர் இல்லை.

மூன்றாம் நாள் காலை கடல் தணிந்து திரும்ப வந்து, உதிரி நங்கூரத்தைப் போட்டு நின்றோம். முதல் படகிலேயே சவரிமுத்துவைக் கரைக்கு அனுப்பினேன். அதே படகு சீஃபை ஏற்றிக்கொண்டு வந்தது. பல் போன கன்னம் வற்றியிருந்தது. கீழே வந்து தூணில் கட்டியிருந்த பிஸ்டனைப் பார்த்தார், அடைத்த இடங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். கப்பித்தான் அவரிடம் என்னைப் பற்றி நல்லதாகச் சொல்லியிருந்தார்.

“நல்லாத்தான் அடைச்சிருக்கே” என்றார். பிறகு, “மதராஸ்ல நாலாம் நம்பர் எப்படி இருந்துச்சு?” என்று கேட்டார்.

கேள்வி சாதாரணமாகத்தான் வந்தது. அப்போது நன்றாக இருந்தது, வழியில்தான் கெட்டது என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சுப் போதும். அதை மறுக்க யாரிடமும் ஆதாரம் இல்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் இரண்டு நாளாகத் தூங்காதவன் நான். பொய்யைச் சுமக்க உடம்பில் தெம்பில்லை.

“இதே மாதிரிதான் சார் இருந்துச்சு. இங்க திறக்கணும்னு நான் மதராஸ்லயே முடிவு பண்ணிட்டேன். வீட்டுக்குப் போகலாம்னு.”

அவர் பக்கத்துப் பெட்டியில் உட்கார்ந்தார்.

“காத்து அடிக்கிறப்போ கரையில நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன். உன் வாப்பா வந்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாரு. ரெண்டு நாளும் அங்கதான் சோறு. கப்பல் ரெண்டு நாள் நிக்கும்னு மவன் மதராஸ்ல இருந்து கடுதாசி போட்டிருந்தானே, அதுக்குள்ள இப்படி ஆயிடுச்சேன்னு திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டிருந்தாரு. அந்தக் கடுதாசி உன்னைக் காட்டிக்கொடுக்குதுன்னு பாவம், அவருக்குத் தெரியலை.”

அந்தக் கடுதாசியை நான் மறந்தே போயிருந்தேன்.

“நீ வேற மாதிரி சொல்லியிருந்தா, இன்னைக்கே உன்னை இறக்கிவிட்டிருப்பேன்” என்றார். “என்கிட்ட சொல்லிட்டே. எனக்குப் போனது ஒரு பல்லுதான், அதுவும் நானாப் பிடுங்கிக்கிட்டது. சொல்ல வேண்டிய ஆளு ஆஸ்பத்திரியில கிடக்கான். போயிட்டு வா.”

படகில் போனேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் எங்கள் தெருமுனை வரும். நான் திரும்பவில்லை.

சவரிமுத்து சுவரோரக் கட்டிலில் சாய்ந்திருந்தார். அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, “வாங்க, உக்காருங்க” என்று முக்காலியை நகர்த்திப் போட்டார். இரண்டு விரலையும் எடுத்துவிட்டார்கள், இல்லாவிட்டால் கை முழுக்கப் போயிருக்குமாம்.

நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மதராஸ், சீஃபிடம் சொன்னது, கப்பித்தானிடம் சொன்னது, அவர் வேண்டாம் என்றபிறகும் பிஸ்டனை மாட்டச் சொன்னது ஏன் என்பது, எல்லாம். அவர் மனைவியின் கரண்டி பாதியில் நின்றுவிட்டது.

அவர் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார்.

“கோட்டுச்சேரி இங்கேருந்து எவ்வளவு தூரம் சார்? எனக்கும் வீட்டுக்குப் போகணும்னு இருந்துச்சு. அதுக்கு நான் உங்க மேல கோபப்பட முடியாது” என்றார். “ஆனா மாட்டியே ஆகணும்னு நீங்க சொன்னப்போ, எனக்குத் தெரியாத ஏதோ ஒரு காரணம் இஞ்சின்ல இருக்குன்னு நினைச்சேன். அதை நம்பித்தான் சார் கையை உள்ள வச்சேன்.”

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் வெளியே வந்தேன். வீட்டுக்குப் போக இரண்டு மணி நேரம் இருந்தும் கால் போகவில்லை. படகுக்கே திரும்பி, அன்று மாலைக்குள் நாலாம் நம்பரை மாட்டி மூடினேன். என் மகனை அவனுக்கு ஒரு வயது முடிந்த பிறகுதான் பார்த்தேன்.

சவரிமுத்து அதற்கப்புறம் கப்பல் ஏறவில்லை. வரிச்சிக்குடியில் ஒரு நெல் மில்லில் இஞ்சின் பார்த்துக்கொண்டார். ஊருக்கு வரும்போதெல்லாம் போய்ப் பார்ப்பேன். டீ வாங்கித் தருவார், பிள்ளைகளை விசாரிப்பார். என் மில் இஞ்சினைப் பாருங்க என்று ஒரு நாளும் என்னைக் கூப்பிட்டதில்லை.

நீங்கள் ஓர் இஞ்சினைத் திறக்கச் சொன்னால், உங்களுக்குக் கீழே இருப்பவர் ஏன் என்று கேட்கமாட்டார். கையை வைத்துவிடுவார். அதனால் அவர் கையை வைப்பதற்கு முன்னாலேயே காரணத்தைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். சொல்ல வாய் வரவில்லை என்றால், ஸ்பானரைக் கீழே வையுங்கள்.